முயல் உடம்பால் பேசும்: பினாங்கில் புதிதாக முயல் வளர்ப்பவர்களுக்கு

ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடி வீடுகள்தான். அங்கே நாய் வளர்ப்பது பலருக்கு ஒத்துவராது. ஏதாவது ஒரு பிராணி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பேச்சு கடைசியில் முயலில் வந்து நிற்கும். குரைக்காது, பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்ல மாட்டார், சின்ன இடம் போதும் என்று நினைத்து வாங்கிவிடுகிறோம்.

அந்த அமைதியில்தான் சிக்கல் இருக்கிறது. வலித்தாலும் முயல் பெரும்பாலும் கத்தாது. பயந்தாலும் அப்படித்தான். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாலும் உங்களைக் கூப்பிடாது. நரி, பருந்து, கீரி என்று கண்டதற்கெல்லாம் இரையாகும் இனம் அது. நோஞ்சானாகத் தெரிந்தால் முதலில் பிடிபடுவோம் என்ற எச்சரிக்கை அதன் ரத்தத்திலேயே ஊறிப்போனது. அதனால் நோவை மறைக்கும். ஆனால் காதும் கண்ணும் மூக்கும் முதுகும் வாலும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. பார்க்கப் பழகிவிட்டால் அது சொல்வது புரியத் தொடங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப் படுத்தால் சந்தோஷம், காதை அப்படி வைத்தால் கோபம் என்று படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். அந்த விளக்கங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. நம் ஊர் வெக்கையில் அதே படுக்கைக்கு வேறு பொருள் இருக்கலாம். உங்கள் முயலுக்கு எது வழக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த வழக்கம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாப் படிகளும் அதற்குத்தான்.

முதல் படி: தரையில் உட்காருங்கள்

வீட்டுக்கு வந்த புதிதில் தூக்க வேண்டாம், மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள். அதை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருவது நல்லது. கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். அதுவாக வந்து உங்கள் காலை முகர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.

முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான். பினாங்கில் என்றால் காலை ஏழு மணிக்கு முன்பும், பொழுது சாயும் இரவு ஏழரையை ஒட்டியும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு "எந்நேரமும் சோம்பிக் கிடக்கிறது" என்று கவலைப்பட வேண்டியதில்லை. அது அதன் உறக்க நேரம்.

உட்கார்ந்து என்ன பார்ப்பது? எந்த மூலையில் தூங்குகிறது, தூங்கும்போது காது எப்படி இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு காய்ந்த புல் தின்கிறது, புழுக்கை எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். அது ஓய்வாக இருக்கும்போது விலா ஏறி இறங்குவதைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை மூச்சு விடுவது சாதாரணம். உங்கள் முயலுடையது அதில் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் உடம்பு சரியில்லாத ஒரு நாளில் இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம். சில நேரம் அது குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ எடுத்துத் தின்னும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். குடலில் ஒருமுறை புளித்து வந்த மென்மையான உருண்டை அது. சத்து வீணாகாமல் இருக்கத் திரும்பத் தின்கிறது. தடுக்கக் கூடாது.

கண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தலையின் இரண்டு பக்கமும் கண் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் தெரியாது. முகத்துக்கு எதிரே திடீரென்று கையை நீட்டினால் அது பதறுவது இதனால்தான். தலைக்கு மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக, மெதுவாகக் கையைக் கொண்டுபோய் நெற்றியைத் தடவுங்கள்.

இரண்டாம் படி: காது

முயல் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகத் திருப்பும். இரண்டும் நிமிர்ந்து ஒரே பக்கம் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் இருந்தால் பாதிக் கவனம். கண் சொக்கியிருந்தாலும் ஒரு காது காவல் நிற்கிறது. இரண்டும் தளர்ந்து முதுகின் மேல் சாய்ந்து கிடந்தால் ஓய்வு. இரண்டும் பின்னால் ஒட்டி இறுகி, வாலும் விறைத்து உயர்ந்து, உடம்பு முன்னால் நீண்டால் கோபம். அப்போது கையை எடுத்துவிடுங்கள்.

ஓய்வும் கோபமும் காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். காது பின்னால் போயிருப்பது மட்டும் போதாது. தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பாதி மூடிய கண் நிம்மதி. வெள்ளை விழி ஓரத்தில் தெரியும் அளவு விரிந்த கண் பயம்.

மாலை மழை வருவதற்கு முன் எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் முயல் பால்கனிக் கதவோரம் கால் நீட்டிப் படுத்திருக்கும். இடி எங்களுக்குக் கேட்கவே கேட்காது, ஆனால் இடது காது மட்டும் கடல் பக்கம் திரும்பும். அடுத்த நொடி வலது காதும் திரும்பும். மூக்கு அசைவது நின்றுபோகும். நீட்டியிருந்த பின்னங்கால்கள் மெல்ல உடம்புக்கடியில் வந்து சேரும். இதெல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்கு முதல் உறுமல் கேட்கும். அந்த இடைவெளியில் கதவைச் சாத்தி, ஒரு துணியைக் கூண்டின் மேல் பாதி போர்த்திவிட்டால் மழை முடியும்வரை உள்ளே அமைதியாக இருக்கும்.

தொங்கு காது முயல் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. நம் கடைகளில் அதிகம் விற்பது ஹாலண்ட் லோப் வகைதான். அதன் காது நிமிராது. காது தலையோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். அது முன்னால் தள்ளினால் கவனம், பின்னால் இழுபட்டால் அச்சம் அல்லது எரிச்சல்.

மூன்றாம் படி: படுக்கை

நம் ஊரில் மிகவும் கவனித்துப் பார்க்க வேண்டியது இதுதான்.

நான்கு காலையும் உள்ளே மடக்கி, முழு ரொட்டி பெங்காலியைத் தரையில் வைத்தது போல உட்கார்ந்திருந்தால் சாதாரண ஓய்வு. பின்னங்கால்களை ஒரு பக்கமாக நீட்டிச் சாய்ந்திருந்தால் இன்னும் நிம்மதி. அந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து ஓட முடியாது, ஆகவே இடத்தை நம்புகிறது. சில நேரம் நின்ற இடத்திலேயே பொத்தென்று பக்கவாட்டில் சரிந்து விழும். முதல் தடவை பார்ப்பவருக்கு உயிர் போய்விட்டதோ என்று நெஞ்சு அடைக்கும். விலா ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், போதும். பயமில்லாமல் தூங்கும் முயல்தான் இப்படி விழும்.

இப்போது வெக்கைக்கு வருவோம். நாம் வளர்க்கும் முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயல்கள். பகலில் குளிர்ந்த வளைக்குள் கிடந்தவை. முயலுக்கு இதமான வெப்பம் சுமார் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்களில் பகல் வெப்பம் 32 டிகிரியை எட்டும். முயலால் நம்மைப் போல வியர்த்துக் குளிர முடியாது. உடம்புச் சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும்.

அதனால் டைல்ஸ் தரையில் வயிறு ஒட்ட, கால்கள் முன்னும் பின்னும் நீண்டு கிடக்கும் முயலைப் பார்த்து உடனே "எவ்வளவு சுகமாகப் படுத்திருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். காலை ஆறு மணிக்கு அப்படிக் கிடந்தால் சுகம். மதியம் இரண்டு மணிக்குக் கிடந்தால் அருகில் போய்ப் பாருங்கள். காதைத் தொட்டால் அனலாக இருக்கிறதா? காதின் உட்புறம் வழக்கத்தைவிடச் சிவந்திருக்கிறதா? மூச்சு வேகமாகி, தலையே லேசாக ஆடுகிறதா? மூக்கைச் சுற்றி ஈரமா? ஒன்றிரண்டு இருந்தாலே சூடு தாங்கவில்லை என்று பொருள். ஏர்கோன் உள்ள அறைக்கு மாற்றுங்கள், அல்லது உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். காற்றாடி மட்டும் போதாது. வியர்க்காத உடம்பை வெறும் காற்று அதிகம் குளிர்விக்காது.

வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாய் திறந்துவிட்டது என்றால் உயிருக்கு ஆபத்து. காதுகளைக் குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கும் வேலை வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

நான்காம் படி: கால்

பின்னங்காலால் தரையில் டொம்மென்று ஓர் அடி. காட்டில் இது மற்ற முயல்களுக்கு அபாய அறிவிப்பு. வீட்டில் பயத்துக்கும் அடிக்கும், பிடிக்காததைச் செய்தாலும் அடிக்கும். நகம் வெட்டிவிட்டுக் கீழே விட்டால் திரும்பி ஓடும்போது ஒரு அடி அடித்துவிட்டுப் போகும். அது வெறும் கோபம். நடு இரவில் அடித்தால் எழுந்து போய்ப் பாருங்கள். ஜன்னல் விளிம்பில் பூனை உட்கார்ந்திருக்கும், அல்லது காகம் வந்திருக்கும். காரணம் தெரியாவிட்டாலும் அதட்ட வேண்டாம். மெதுவாகப் பேசிப் பக்கத்தில் உட்காருங்கள்.

தீபாவளிப் பட்டாசை நாம் எதிர்பார்த்துத் தயாராக இருப்போம். பினாங்கில் அதைவிடப் பெரிய இரவு ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும் வேளையில் ஹொக்கியன் மக்கள் 'பாய் தி கோங்' வழிபாடு செய்வார்கள். சூ ஜெட்டி பக்கம் மட்டுமல்ல, தீவு முழுவதும் நள்ளிரவில் வெடி வெடிக்கும். அன்று முயலை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். மறுநாள் காலை அது சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பயத்திலேயே குடல் நின்றுபோகும் முயல்கள் உண்டு.

காலில் சந்தோஷமும் தெரியும். அந்தி நேரத்தில் கூடத்தில் ஒரு சுற்று வேகமாக ஓடி, திடீரென்று மேலே எம்பி, காற்றில் தலையை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் முறுக்கிக் குதிக்கும். இதற்கு வேறு எந்தப் பொருளும் இல்லை, சுத்தமான ஆனந்தம். வழுக்கும் டைல்ஸில் குதிக்கப் பயப்படும் என்பதால் ஒரு பழைய பாய் அல்லது கம்பளத்தை விரித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: உங்களிடம் என்ன சொல்கிறது

மூக்கு வேகமாக அசைந்தால் ஆர்வம் அல்லது எச்சரிக்கை, மெதுவானால் அமைதி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடாக இருந்தால் கூண்டைப் பூஜையறையிலிருந்து தள்ளி வைக்கவும். அந்தப் புகை அதன் மூக்குக்கு ஆகாது.

மூக்கால் இடிப்பது பல அர்த்தம் உள்ள செயல். கீழ்மாடிச் சிறுமி ஒருநாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது முயல் வந்து அவள் முழங்காலை இரண்டு தடவை இடித்தது.

"ஆன்டி, கடிக்க வருது!"

"கடிக்க வரலம்மா. வழி கேக்குது. காலைக் கொஞ்சம் மடக்கு."

அவள் காலை மடக்கினாள். அது நேராகப் புல்தட்டுக்குப் போய்விட்டது. இடித்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி அங்கேயே நின்றால், தடவிக்கொடு என்று கேட்கிறது. நக்கிக்கொடுத்தால் உங்களைத் தன் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். தாடையை நாற்காலிக் கால், செருப்பு, உங்கள் கை என்று உரசிக்கொண்டே போனால், தாடைக்கடியில் உள்ள சுரப்பியால் தன் வாசனையைப் பூசி "இது என்னுடையது" என்கிறது. நமக்கு அந்த வாசனை தெரியாது.

காலைச் சுற்றிச் சுற்றி ஓடி 'ம்ம்... ம்ம்' என்று தாழ்ந்த குரலில் முனகினால், பெரும்பாலும் இனச்சேர்க்கை வயதுக்கு வந்துவிட்டது. நான்கு முதல் ஆறு மாதத்தில் இது தொடங்கும். கூடவே அங்கங்கே சிறுநீர் தெளிக்கும், கூண்டுக்குள் கைவிட்டால் உறுமிக்கொண்டு முன்காலால் குத்தும். பலர் "குணம் மாறிப்போச்சு" என்று யாருக்காவது கொடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மனசு கஷ்டப்படுகிறது. குணம் மாறவில்லை, வயது வந்திருக்கிறது. கருத்தடை செய்தால் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். பெட்டை முயல் வாயில் புல்லைச் சேர்த்துக்கொண்டு தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டினால், ஆண் துணையே இல்லாவிட்டாலும் அது பொய்க் கர்ப்பமாக இருக்கலாம். கூட்டைக் கலைக்காமல் சில நாள் விட்டுவிடுங்கள். பெட்டைக்குக் கருத்தடை செய்வதில் இன்னொரு காரணமும் இருக்கிறது: செய்யாமல் விட்டால் வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

ஒரு பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முயலை மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கும். அதைத் 'தூங்க வைத்தேன்' என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடக்கும் நிலை அது. உள்ளே பயத்தில் இதயம் படபடத்துக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: வலியைக் கண்டுபிடிப்பது

பல்லில் இருந்து தொடங்குங்கள். நெற்றியைத் தடவும்போது லேசாகப் பல் உரசும் சத்தம், விரலில் அதிர்வாகத் தெரியும், கண் சொக்கியிருக்கும். அது சுகம். தொடாமலே, அறைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி நறநறவென்று கடித்தால் வலி. கூடவே முதுகு வளைந்து, வயிற்றைத் தரையில் அழுத்தி, சில நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி மாறி உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண ஓய்வுபோலவே இருக்கும். பிடித்த இலை ஒன்றை மூக்கருகே நீட்டிப் பாருங்கள். ஓய்வில் இருப்பது எழுந்து வரும். வலியில் இருப்பது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, வலி வந்தால் முயலின் முகத்தில் ஐந்து மாற்றங்களைப் பார்க்கச் சொல்கிறது. கண் இடுங்கும். கன்னம் ஒட்டிப்போகும். மூக்கின் வளைவு கூராக ஒடுங்கும். மீசை விறைக்கும். காது இறுகிச் சுருண்டு பின்னால் போகும். முயல் நன்றாக இருக்கும் நாளில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் காதில் தொற்றோ நரம்பில் கோளாறோ இருக்கும், அன்றைக்கே காட்ட வேண்டும். சிவப்புக் கண் வெள்ளை முயல் தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினால் பயம் வேண்டாம். பார்வை குறைவு என்பதால் தூரத்தைக் கணிக்க அப்படிச் செய்யும். எப்போதாவது குழந்தை வீறிடுவதுபோல் கத்தினால், உச்சக்கட்ட வலி அல்லது சாவு பயம்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவும் இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடல் நின்ற முயல் ஒரே இரவில் போய்விடும். எல்லாக் கிளினிக்கிலும் முயலைப் பார்க்க மாட்டார்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். முயல் நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து, முயல் பார்ப்பீர்களா, இரவில் திறந்திருக்குமா என்று கேட்டு எண்ணைக் குறித்து வைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது அந்த நோட்டையும், அது உட்கார்ந்திருந்த விதத்தைக் கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும், கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு சின்னப் பையிலும் எடுத்துப் போங்கள். கிளினிக்கின் மேசையில் பயத்தில் அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோதான் மருத்துவருக்குச் சரியாகக் காட்டும். காரில் முதலில் ஏர்கோனைப் போட்டு உள்ளே குளிரவிட்டு, அப்புறம் கூடையை ஏற்றுங்கள். மேலே ஒரு மெல்லிய துண்டு போதும், காற்று போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.